கார்த்திகையில் வந்த செம்பன்

1

கனடாவில், ரெக்ஸ்டேல் பக்கம் பீலிச் சண் என்றால் தெரியாத தமிழர் குறைவு. கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் வடிவதற்குப் பூட்டுகிற தகரப் பீலியைத்தான் சொல்கிறேன். எங்கள் பகுதியில் எந்தத் தெருவிலும் நடந்து பாருங்கள், பாதி வீடுகளின் மழை நான் பூட்டிய பீலியால்தான் இறங்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் என்கிற அடுக்குவீட்டுப் பகுதியில் பதினேழாம் மாடியில் ஓர் அறைக்குள் ஏழு பேராகப் படுத்து, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு ஓர் இத்தாலியனுக்கு ஏணி பிடித்து, அவனுடைய விரல் போகிற போக்கைப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. எனக்குச் சொல்லித் தரவும் தேவையில்லை. இரண்டு தகரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது அலுமினியம், எது துத்தநாகம் பூசிய இரும்பு என்று பத்தடி தள்ளி நின்று சொல்லுவேன். இன்றைக்கும் சொல்லுவேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். ஆனால் இவ்வளவு கண் உள்ள ஒருவன் ஒரு கட்டைவிரல் அளவுக் குருவியில் ஏமாந்தான் என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சங்கம் அடிக்கிற மலருக்கு என்னிடம் வருடா வருடம் கேட்பார்கள், வாழ்த்துச் செய்தியும் படமும் அனுப்புவேன். இந்த வருடம் படம் இல்லை. எழுத்து என்னுடையது. எழுத்துப் பிழைகளை மட்டும் மனைவி திருத்தினாள்.

எங்கள் வீட்டின் பின்பக்கத்தில், நான் பூட்டிய பீலியின் கீழே, ஒரு சிவப்புக் கண்ணாடிப் போத்தல் தொங்கும். அதற்குள் சீனித் தண்ணீர். வைகாசியில் ஹம்மிங்பேர்ட் என்கிற குருவி தெற்கிலிருந்து வந்து அதைக் குடிக்கும். ஊரில் தேன்சிட்டு பார்த்திருப்பீர்கள். அது பூவில் உட்கார்ந்து குடிக்கும். இது உட்காராது. அந்தரத்தில் நிற்கும். சிறகு கண்ணுக்குத் தெரியாது, உறுமல் மட்டும் கேட்கும். முதன்முதலில் பார்த்தபோது பெரிய வண்டு என்று நினைத்துத் துவாயால் அடிக்கப் போனேன். மங்கை கையைப் பிடித்தாள்.

மங்கை என் மனைவி. வவுனியாப் பக்கத்துப் பெண். இங்கே வந்த பிறகு, அதே பதினேழாம் மாடியில் இருந்த அவளுடைய தமையன் பேசிச் செய்து வைத்த கலியாணம். போத்தலும் குருவியும் அவளுடைய துறை. புரட்டாதி பிறந்தால் குருவிகள் போய்விடும். போத்தலைக் கழுவிப் பேஸ்மென்ருக்குள் வைத்துவிடுவாள். போன வருடம் அவளுக்கு முழங்கால் நோ. ஏணி ஏறுகிற வேலையை என்னிடம் தந்தாள். ஏணியிலேயே வாழ்ந்தவன் நான், செய்கிறேன் என்று சொன்னேன், செய்யவில்லை. போத்தல் அப்படியே தொங்கியது. அவள் கதிரையில் ஏறி நின்று, கிழமைக்கு இருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"குருவி போய் ரெண்டு மாசமாச்சு. ஆருக்கு உது?" என்று கேட்டேன்.

"வாசல்ல தொங்கிற சாமான் வெறுமையா இருக்கக்கூடாது" என்றாள்.

கார்த்திகை முதலாம் நாள் காலை. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நான் தேத்தண்ணியோடு குசினி யன்னலடியில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் ஒரு ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்றது.

"மங்கை, ஓடி வாரும். உம்மட குருவி திரும்பி வந்திட்டுது!"

அவள் வந்தாள். பார்த்தாள். தோளிலிருந்த துவாயை மெல்ல எடுத்துக் கையில் சுற்றினாள்.

"உது அது இல்லை" என்றாள்.

"உமக்கென்ன விசரே? பச்சை முதுகு, ஊசிச் சொண்டு. கோடை முழுக்க நிண்டது உதுதானே."

"அது இல்லையப்பா. அதைப் போல இருக்கிற வேற ஒண்டு."

2

குருவி போகவில்லை. அன்றைக்கு நான் எந்த அறைக்குப் போனேனோ அந்த அறை யன்னலுக்கு வந்தது. மேல்மாடியில் முகம் கழுவினேன், கண்ணாடிக்கு வெளியே நின்றது. வான் வண்டியை எடுக்கப் போனேன், பக்கக் கண்ணாடியருகே உறுமியது. மங்கை அரை மணித்தியாலம் யன்னலடியில் நின்று பார்த்தாள், அவளிடம் வரவில்லை. நான் போய் நின்றேன். வந்தது.

"உங்கட சிவப்புத் தொப்பியைப் பார்த்துப் பூ எண்டு நினைக்குது" என்றாள்.

தொப்பியைக் கழற்றினேன். என் மொட்டைத் தலைக்கும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் அபிராமி மிசிசாகாவிலிருந்து வந்தாள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய கந்தோரில் வேலை. அவள் வந்தது குருவி பார்க்க அல்ல. மார்கழியில் எனக்கு எழுபத்தைந்து. பவள விழா என்று மண்டபம் எடுத்து, மலர் அடிக்கக் கொடுத்து, எல்லாம் அவள்தான் ஓடிக்கொண்டிருந்தாள். மலரின் அட்டையைப் போனில் காட்டினாள். நடுவில் என் படம், மேலே தங்க எழுத்தில் சண்முகநாதன், கீழே பிறந்த திகதி.

"அப்பா, ஹவ் இஸ் இற்? வடிவா இருக்கோ?"

"ம்" என்றேன்.

"தற்ஸ் இற்? வன் 'ம்'? மூண்டு கிழமை வேலை செய்திருக்கிறன் அப்பா."

அப்போதுதான் குருவி யன்னலுக்கு வந்தது. அபி மலரை விட்டுவிட்டுப் படம் எடுக்க ஓடினாள். பறவை பார்க்கிறவர்கள் கூடுகிற ஏதோ ஓரிடத்துக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். தேத்தண்ணி ஆறும் முன்னம் பதில் வந்துவிட்டது. அம்மா சொன்னது சரி, இது வேறு இனம், ஒன்ராறியோவில் காண்பதே அரிது.

அதன் பிறகு நான் இரண்டையும் படித்தேன். படிக்கிறதென்றால் படம் பார்க்கிறது. எனக்கு அது போதும். கோடையில் எங்களிடம் வருகிறதற்கு ரூபி த்ரோற்றட் என்று பெயர். நான் கழுத்துச் சிவப்பன் என்கிறேன். முதுகு நல்ல பச்சை. சேவலுக்குக் கழுத்து இரத்தச் சிவப்பு, வெயில் படாவிட்டால் அந்தச் சிவப்பே கறுப்பாகத் தெரியும். பேடைக்குக் கழுத்து வெள்ளை. குளிருக்கு முன்னம் கடலைத் தாண்டி மெக்சிக்கோப் பக்கம் போய்விடும். ஊரறிந்த வழி.

மற்றது ரூஃபஸ். நான் வைத்த பெயர் செம்பன். அதன் சேவல் உடம்பெல்லாம் செம்பு நிறம், குழந்தைப் பிள்ளையும் வேறு என்று சொல்லிவிடும். சிக்கல் பேடையில்தான். அதுக்கும் முதுகு பச்சை. வால் நுனியில் இரண்டுக்கும் வெள்ளைப் பொட்டு. அளவும் ஒன்றுதான், சொண்டும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால் செம்பனுக்கு விலாவில் துருப் பிடித்தது போல ஒரு நிறம், கழுத்தில் பொடிப் புள்ளிகள், வாலை விரித்தால் இறகின் அடியில் செங்கல் நிறம். வாலை மூடி வைத்திருந்தால் அந்தச் செங்கல் தெரியாது. சத்தத்திலும் பிடிக்கலாம். கழுத்துச் சிவப்பன் மெல்லக் கதைக்கும். செம்பன் சொடக்குப் போட்டது மாதிரி 'டிக், டிக்' என்னும். குணமும் வேறு, தன்னைவிடப் பெரிய குருவியையும் துரத்தும். குளிரும் தாங்கும். இருக்கிற இடம் மேற்குக் கரை, அலாஸ்கா வரைக்கும். மலையோரமாகத் தெற்கே போக வேண்டியது. நூற்றில் ஒன்று திசை பிழைத்துக் கிழக்கே வந்துவிடுமாம்.

"வழி தவறி வந்திருக்கு" என்று அபி சொன்னாள்.

மங்கை அரிசியைக் களைந்துகொண்டே, "வழி தவறினது ஒரு யன்னலையே சுத்துமே? ஆரையோ தேடி வந்திருக்கு" என்றாள்.

நான் யன்னல் திரையை இழுத்து மூடினேன். அவள் பார்த்தாளோ தெரியாது.

3

அபி அனுப்பிய படத்தைக் கண்டு, சனிக்கிழமை அபியோடு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். மார்த்தா என்று பெயர். குருவிகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விடுகிற வேலை. அதற்கு அரசாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும், அதைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். இந்த நாட்டில் குருவியைத் தொடுவதற்கும் பத்திரம்.

போத்தலைச் சுற்றி ஒரு கம்பிக் கூடு வைத்து, கதவை நூலில் கட்டித் தூரத்தில் நின்று பிடித்தார். பத்து நிமிடம் கூட இல்லை. குருவி உள்ளே போனது, கதவு விழுந்தது. கையில் எடுத்து ஒரு சின்னத் துணிப்பைக்குள் போட்டு நிறை பார்த்தார். பிறகு பூதக் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு வாலை விரித்தார்.

"லுக்" என்றார்.

செங்கல் நிறம். அடுப்புக்குள் தணலைப் பார்த்தது போலிருந்தது.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அபி தமிழில் சொன்னாள். "அப்பா, வால் மூடியிருந்தா எக்ஸ்பேர்ட்ஸுக்கும் டவுட் வருமாம். கையில எடுத்து, இறகு இறகாப் பார்த்தாத்தான் ஆள் ஆரெண்டு தெரியுமாம்."

வளையம் போட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு அலுமினியம். அலுமினியம் என்று நான்தான் முதலில் சொன்னேன், மார்த்தா அசந்துபோனார். அதில் எழுத்தும் இலக்கமும் உண்டு. இனி இந்தக் குருவி எங்கே போனாலும், யார் பிடித்தாலும், இது ரெக்ஸ்டேலில் நின்ற செம்பன்தான், வேறு ஒன்றில்லை என்று தெரியும்.

பிறகு படிவம். எங்கே போனாலும் ஒரு படிவம். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார், அபி எழுத்துக் கூட்டிச் சொன்னாள். நான் கூட்டைத் தூக்கி அவருடைய காருக்குள் வைக்கப் போனேன்.

"மிஸ்டர் சண்முகநாதன்!" என்று பின்னால் கூப்பிட்டார்.

நான் நடந்தேன். மறுபடி கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் திரும்பினேன். வாசலில் நின்ற மங்கை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்த்தா கடைசியாக ஓர் எச்சரிக்கை சொன்னார். போத்தல் உறையாமல் பார்க்க வேண்டும். வெள்ளைச் சீனி மட்டும், ஒன்றுக்கு நாலு தண்ணீர். மங்கை குளிருக்கு நல்லது என்று பனங்கட்டி கரைத்து வைத்திருந்தாள், அதைக் கேட்டு அவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இன்னொன்று. கடும் குளிர் இரவுகளில் இந்தக் குருவி உடம்புச் சூட்டை இறக்கி, மூச்சையும் நெஞ்சடிப்பையும் குறைத்துக் கட்டை போலக் கிடக்கும். காலையில் தொட்டால் குளிரும். தலைகீழாகத் தொங்கினாலும் தொங்கும்.

"செத்துப்போச்செண்டு அவசரப்பட்டுத் தாட்டுப்போடாதேங்கோ எண்டு சொல்லுறா" என்றாள் அபி. "கன பேர் அப்படித் தாட்டிருக்கினமாம்."

4

பத்து நாளைக்குப் பிறகு நல்ல குளிர் அடித்தது. விடியப் பின்கதவைத் திறந்தேன். குருவி போத்தலின் கம்பியை ஒற்றைக் காலால் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கியது. காலில் வளையம் மின்னியது. கண் மூடியிருந்தது. தொட்டேன். ஆற்றங்கரைக் கல்லுப் போலக் குளிர்ந்தது.

மார்த்தா எச்சரித்தது நினைவில் இருந்தது. இருந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய் மங்கையின் நூல் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஷெட்டிலிருந்து மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தேன். உறைந்த மண்ணில் கொத்தத் தொடங்கினேன். மண் இரும்பு மாதிரி. சத்தம் கேட்டு மங்கை வந்தாள்.

"என்ன செய்யிறியள்?"

"முடிஞ்சுது. தாட்டுவிடுவம்."

"கொஞ்சம் பொறுங்கோ. வெயில் வரட்டும்."

"நான் தொட்டுப் பார்த்தனான். குளிர்ந்திட்டுது."

"வெயில் வரட்டும் எண்டு சொல்லுறன்."

வாயால் ஒருநாளும் உரத்துப் பேசாதவள். மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினாள். இரண்டு பேரும் நின்றோம். வெயில் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலால் வந்து என் பீலியில் விழுந்து, போத்தலுக்கு இறங்கியது. இருபது நிமிடம் இருக்கும். வயிற்று இறகு ஒன்று அசைந்தது. காற்று என்று நினைத்தேன். பிறகு உடம்பு நடுங்கத் தொடங்கியது. பிறகு கண் திறந்தது. தலைகீழாகத் தொங்கியபடியே அது என்னைத்தான் பார்த்தது.

நான் படியில் இருந்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கண்ணைப் பார்க்க எனக்கு நாற்பது வருடமாகப் பயம்.

இனிச் சொல்லப்போவதை ஊரில் உள்ளவர்கள் கொஞ்சம் இருந்து வாசியுங்கள்.

எனக்கு ஓர் அண்ணன். என்னைவிட மூன்று வயது மூப்பு. முகம் ஒன்றுதான், அச்சு அசல். கெட்டிக்காரன், உயர்தரப் பரீட்சை சித்தியடைந்தவன். கனடாவிலிருந்த தூரத்து மாமா ஒருவர் அவனுக்குப் பாஸ்போட், விசா, ரிக்கற் எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார். வழியனுப்ப நான் கொழும்புக்குக் கூடப் போனேன். லொட்ஜில் தங்கினோம். அங்கே அவனுக்குக் காய்ச்சல் பிடித்தது. நாலு நாள். மருந்துக் கடையில் சொல்லித் தந்த குளிசைதான் கொடுத்தோம், பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பயணம் போகிற அன்று விடியக்காலையில் அவனுடைய காலைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

வெளிநாட்டுக்கு ஆளனுப்புகிற ஏஜென்சிக்காரன் வந்தான். வாசலில் நின்றபடியே பார்த்தான். பிறகு குனிந்து ஒருமுறை கையைத் தொட்டான்.

"முடிஞ்சுது" என்றான். என்னைப் பார்த்தான். "உன்ர முகம் போதும். அவன்ர சேட்டைப் போடு."

அண்ணனுடைய சட்டை எனக்குச் சரியாக இருந்தது. சப்பாத்துத்தான் பெரிது, பேப்பர் கசக்கி வைத்தேன். என்னுடைய அடையாள அட்டையை ஏஜென்சிக்காரன் அண்ணனுடைய தலையணைக்குக் கீழே வைத்தான். அரை மணித்தியாலத்துக்குள் நான் விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டிக்குள் இருந்தேன். ஒரு வைத்தியனும் வரவில்லை. வெயில் அந்த யன்னலுக்கு வரும்வரை நான் நிற்கவில்லை.

சித்தப்பா கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிணத்தை எரித்துவிட்டோம் என்று லொட்ஜ்காரர் சாம்பலைக் கொடுத்தார்களாம். எங்கள் ஆட்கள் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. அடையாள அட்டையின்படி செத்தது நான். என் பெயரில் மரணச் சான்றிதழ் இருக்கிறது. ஊரில் அம்மா எனக்குத்தான் எட்டாம் நாள் எட்டுச் செலவு செய்தார், எனக்குத்தான் வருடா வருடம் காகத்துக்குச் சோறு வைத்தார். நடந்ததை நான் அறிவித்த பிறகும் வைத்தார். இப்போது அவரும் இல்லை.

ஊருக்கு ஏன் ஒருமுறையும் வரவில்லை என்று கேட்பீர்கள். தொழில், நேரமில்லை என்று எழுதுவேன். அது பொய். கிட்ட நின்று பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள்.

நான் நல்லாக வாழ்ந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் எல்லாம் அண்ணனுடைய பெயரில். வேலைக் கந்தோரில் ஒரு பெண் அண்ணனுடைய பரீட்சைச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இவ்வளவு படித்தவர் ஏன் கோப்பை கழுவுகிறீர்கள் என்று கேட்டாள். குடியுரிமை எடுத்த அன்று அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் பேசாமல் இருந்தேன், பக்கத்திலிருந்தவன் முழங்கையால் இடித்தான். கலியாணத்துக்குக் கொடுத்தது பயணப் பொதிக்குள் கிடந்த அண்ணனுடைய சாதகம். பொருத்தம் பார்த்தது அவனுக்கும் மங்கைக்கும். பத்துக்கு எட்டு. நம் வழக்கப்படி தகப்பன் பெயர்தானே பிள்ளைக்குப் பின்பெயர், என் மகள் அபிராமி சண்முகநாதன். கலியாணமே செய்யாமல் போனவனுக்கு மிசிசாகாவில் ஒரு மகள். ஒவ்வொரு மார்கழியும் கோயிலில் அவனுடைய உத்தரட்டாதி நட்சத்திரத்துக்கு அர்ச்சனை நடக்கும். தீர்க்காயுள் என்று ஐயர் சொல்லும்போது எனக்கு முதுகில் வேர்க்கும். செத்தவனுக்கு ஆயுள் கேட்கிறோமே என்று ஒரு பயம். செத்தானா என்று அதைவிடப் பெரிய பயம்.

திவசம் ஒன்று செய்திருக்கலாம். ஆனால் திவசத்துக்குப் பெயர் சொல்ல வேண்டும். என்ன பெயர் சொல்ல?

5

படியில் இருந்தபடி மங்கையிடம் இவ்வளவையும் சொன்னேன். அவள் கொண்டுவந்த தேத்தண்ணி இரண்டு பேருக்கும் ஆறிப் போனது. குருவி நிமிர்ந்து கம்பியை விட்டு எழும்பி, அந்தரத்தில் நின்று சீனித் தண்ணீர் குடித்தது.

அவள் அழவில்லை. துவாய் நுனியால் என் மூக்கைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கலியாணம் முடிஞ்ச கையோட மாமி கொழும்பில இருந்து போன் எடுத்தவ. என்னட்டை முதல் கேட்டது, 'சின்னவன் சாப்பிட்டானோ?' எண்டு. மூத்தவர் எண்டு சொல்லிக் கட்டின மனுசனைத் தாய் ஏன் சின்னவன் எண்டுறா? கேட்டன். மாமி அழுதுபோட்டு எல்லாம் சொன்னவ. உங்கட பேரும் சொன்னவ."

"இவ்வளவு காலமும் தெரிஞ்சோ இருந்தனீர்?"

"கேட்டா நீங்கள் ஏதும் புழுகுவியள். அதுதான் கேக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. மறைத்தவன் நான், கோபமும் எனக்குத்தான். "சாதகம் பொய் எண்டு தெரிஞ்சும் இருந்தனீரோ?"

"சாதகத்தோடயோ குடும்பம் நடத்தினனான்?" என்றாள். "நான் ஒரு நாளாவது உங்களை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டனானோ?"

எங்களில் எந்தப் பெண்தான் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்? 'இஞ்சாருங்கோ', 'என்னப்பா', அவ்வளவுதான். வழக்கம் என்று நினைத்திருந்தேன். அந்த வழக்கத்துக்குள் அவள் இவ்வளவு காலமும் ஒரு பொய்யைச் சொல்லாமல் தப்பியிருக்கிறாள்.

"ஆள் உயிரோட இருந்திருந்தா, மங்கை? நான் அவசரப்பட்டிருந்தா?"

இல்லை என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பொய் சொல்லாதவள்.

"அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றாள். "ஆனா இப்ப அவர் இல்லை. இருந்திருந்தா ஒரு கடுதாசி போட்டிருப்பார். உங்களைத் தேடித்தான் குருவியா வந்திருக்கிறார். வாற வியாழன் அவற்ர திதி, நான் வருசா வருசம் கலண்டரில பார்க்கிறனான். கோயிலுக்குப் போவம். அதுக்கு முதல் மலர் அச்சுக்குப் போயிடும், பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ."

அபிக்குப் போன் எடுத்தேன். கந்தோரில் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"சோ, யூ ஆர் செவன்ரி-ரூ?" என்றாள்.

"ஓம், பிள்ளை."

"அட கடவுளே. செவன்ரி-ரூவுக்கு ஆர் விழா வைப்பினம்?" சிரித்தாள். பிறகு அது சிரிப்பில்லை என்று விளங்கியது. வெகுநேரம் மூக்கை உறிஞ்சினாள். "அப்பா, மை லாஸ்ற் நேம். அது பெரியப்பான்ர பேரோ?"

"ஓம். மாத்த வேணுமெண்டா மாத்தும். எவ்வளவு படிவமெண்டாலும் நான் வாறன்."

"வேண்டாம். அவருக்கு வேற ஒருத்தரும் இல்லையெல்லோ. நான் வச்சிருக்கிறன்."

இவ்வளவு காலமும் இவள் எங்களை விட்டுத் தூரப் போகிறாள், இங்கிலிசில் கனாக் காண்கிறாள் என்று குறைப்பட்டவன் நான்.

6

வியாழக்கிழமை விடிய குருவி வரவில்லை. போத்தல் உறையவில்லை, தண்ணீர் ஒரு துளி குறையவில்லை. வீட்டைச் சுற்றி, செடிகளுக்குக் கீழே, பீலிக்குள்ளே ஏணி வைத்து ஏறி, எல்லாம் தேடினேன். செத்துக் கிடக்கவும் இல்லை. மார்த்தாவுக்கு அபி அறிவித்தாள். தெற்கே போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம் என்று பதில் வந்தது.

கோயில் முன்னொரு காலத்தில் பண்டகசாலையாக இருந்த கட்டடம். அதன் பீலியும் நான் பூட்டியதுதான், இலவசமாக. ஐயர் இளம் ஆள், என்னைக் கண்டால் எழும்பி வருவார். வந்தார்.

"சண் அண்ணை, மங்கை அக்கா, வாங்கோ. பவள விழாவுக்கு அர்ச்சனையே?"

"இல்லை ஐயா. திவசம்."

"ஆருக்கு?"

"தமையனுக்கு."

"உங்களுக்குத் தமையனோ? தம்பி ஒராள் மோசம் போனதெண்டெல்லோ கேள்வி" என்று சொல்லியபடி இருத்தினார். தர்ப்பையை விரலில் மாட்டினார். எள்ளும் தண்ணீரும் கையில் விட்டார். மங்கை எனக்குப் பின்னால் நின்றாள். வெளியே எங்கோ ஓர் உறுமல் கேட்டது. ஹீற்றராக இருக்கலாம்.

"காலஞ்சென்றவற்ர பேரைச் சொல்லுங்கோ."

எள் கையில் ஊறியது.

"பேர், அண்ணை."

"சண்முகநாதன்" என்றேன்.

ஐயருடைய கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், மங்கையைப் பார்த்தார். வயது போய்விட்டது, மூளை தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அண்ணை, அது உங்கட பேர். செத்தவற்ர பேரைச் சொல்லுங்கோ."

"அதுதான் செத்தவற்ர பேர்."

"அப்ப நீங்கள் ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். நாற்பது வருடம் சொல்லாத பெயர், வரவில்லை. குடிவரவுப் படிவக்காரர்கள் இதை வாசித்து வந்து கேட்டால் கேட்கட்டும், இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு வரவில்லை. கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கால் வடிந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல். கலியாணமான நாள் முதல் புருசனின் பெயரை வாயால் சொல்லாதவள், கோயிலில் நின்ற எல்லார் முன்னிலையிலும், உரத்து, தெளிவாகச் சொன்னாள்.

"இராசரத்தினம்."

நான் உடனே திரும்பினேன்.